முதல் பஸ் கண்டக்டரின் சைக்கிள் மூட்டை

1. முதல் நாள்

புது டிப்போவில் எனக்கு முதல் நாள். விடிந்தும் விடியாத நேரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது டிராஃபிக் கன்ட்ரோலர் நாராயணசாமி சார் டிக்கெட் மெஷின்களை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இன்னாம்மா, டூட்டிக்கு வந்தியா, இல்ல சுரங்க ஷாஃப்ட்லேர்ந்து மேல ஏறி வந்தியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டில் தேய்த்து உடுத்திக்கொண்டு கிளம்பிய காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வலது கால் பேன்ட்டில் செயின் கிரீஸ் முழங்கால் வரை கோடு இழுத்திருந்தது. வழியில் சயனைடு மேட்டிலிருந்து காற்று வேறு அடித்திருந்தது. தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் அது. மாவு மாதிரி பறக்கும். வியர்த்த கழுத்திலும் காலரிலும் அது படிந்து, சிமென்ட் பூசியதுபோலக் காய்ந்திருந்தது.

சார் ஒரு பழைய துணியை என்னிடம் கொடுத்து, மூஞ்சியையாவது துடைத்துக்கொண்டு வா என்றார். துடைத்துக்கொண்டு மெஷினை வாங்கினேன். அன்றைக்கு முதல் ட்ரிப்பில் முன்சீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மா டிக்கெட்டை இரண்டு விரல் நுனியால் வாங்கினார். அதை நான் மறக்கவில்லை.

என் பெயர் தேவகி. கோலார் தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவள். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் டிக்கெட் மெஷினைப் பற்றியோ செக்கிங் ஸ்குவாடைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. விடிவதற்குள் எப்படி வருகிறீர்கள், யூனிஃபார்மை எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். முதல் பஸ்ஸை எடுக்கிற கண்டக்டருக்கு வேலைக்கு வர பஸ் கிடையாது. இது பயணிகளுக்குத் தோன்றாது. எனக்கே அந்த டிப்போவுக்கு மாற்றலாகும்வரை தோன்றியதில்லை.

அந்த டிப்போ பங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் இருக்கிறதே என்பார்கள். எங்கள் ஊர் ரயில் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் என் பஸ் கோலார் ரோட்டில் பாதி தூரம் போயிருக்கும். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. என் கணவர் ஆண்டர்சன்பேட்டையில் வீடு வீடாகப் பால் போடுகிறவர். கோழி கூவும் முன்பே பால் கிரேட்டுகளைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் அவரோடு போய்விடும்.

அப்படியானால் முதல் ஷெட்யூல் எதற்கு, இரண்டாவது ஷிஃப்ட் போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. என் மகள் யாழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் முடிந்திருந்த சமயம் அது. தினமும் சாயங்காலம் பேச்சுப் பயிற்சி. அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை வீட்டுக்குப் போயும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், விட்டு விட்டு வந்தால் ஆபரேஷன் செய்ததே வீண் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் ஷெட்யூல் எடுத்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு டூட்டி முடியும். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் நான் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். ஆகவே எனக்கு முதல் பஸ்தான். அதில் பேச்சே இல்லை.

சைக்கிள் என் தம்பி கொடுத்தது. அவன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் வெளிநாடு போகும்போது தன் ரோடு பைக்கை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். காற்றில் மிதக்கிற மாதிரி போகும். ஆனால் கேரியர் இல்லை, கூடை இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. கேரியர் மாட்ட ஃபிரேமில் ஒரு துளையும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதையும் சுமக்கக் கூடாது என்று முடிவு செய்து செய்த வண்டி அது.

என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "வண்டி நல்லாத்தான் கீது. நீ போவ. உன் சாமான் எதுல போவும்?" என்றார்.

அதற்கு வழி தெரியாமல்தான் முதல் நாள் யூனிஃபார்மை உடம்பிலேயே போட்டுக்கொண்டு போனேன்.

2. பருப்பு

மறுநாளிலிருந்து என் கணவரின் பழைய முழுக்கை பனியனும் டிராக் பேன்ட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினேன். காக்கி முதுகுப் பையில் போனது. தேய்த்த சட்டை, பேன்ட், பெல்ட், கறுப்பு ஷூ, துண்டு, சீப்பு, டிபன் பாக்ஸ், தண்ணீர், பேட்ஜ், லைசென்ஸ். எல்லாம் ஒரே பையில்.

ஸ்கூல் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பதால் அவர்களுக்கு முதுகுப் பை சரிப்படும். ரோடு பைக்கில் நாம் குனிந்துதான் உட்கார வேண்டும். பை முதுகில் நிற்காமல் கழுத்தை நோக்கி வழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் பின்மண்டையில் ஷூ இடிக்கும். உள்ளங்கை மரத்துப்போகும். வழியில் கோரமண்டல் ஊரைத் தாண்டுவதற்குள் முதுகு நனைந்து, அந்த ஈரம் பைக்குள் இறங்கி, தேய்த்த சட்டை மெத்தென்று ஆகிவிடும்.

உடை மாற்ற இடம் கழிப்பறைதான். தரை எப்போதும் ஈரம். ஆணி கிடையாது. சட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலில் நின்று மாற்றினேன். 'லேடீஸ் ரெஸ்ட் ரூம்' என்று போர்டு போட்ட அறை ஒன்று டிப்போவின் பின்பக்கம் இருந்தது. அதில் கழற்றிப் போட்ட பழைய பஸ் சீட்டுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். பெண் கண்டக்டர் அந்த டிப்போவில் நான் ஒருத்திதான். இருக்கிற நிலவரம் இதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரமோ என்னவோ, டிபன் பாக்ஸ் மூடி கழன்றது. பருப்புச் சாறு முழுவதும் சட்டையில். கழிப்பறையில் பையைத் திறந்தபோதே வாசனை வந்துவிட்டது. பாக்கெட் இருக்கும் பக்கத்தை மட்டும் குழாயில் அலசிப் பிழிந்து போட்டுக்கொண்டேன். மஞ்சள் கறை போகவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் ஒருவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம், காலையிலேயே யாரோ சாம்பார் கொண்டுவருகிறார்கள்போல என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் டிக்கெட், டிக்கெட் என்று குரலை உயர்த்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

என் டிரைவர் முனியப்பா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வம்பு தும்பு இல்லாதவர். அன்று ட்ரிப் முடிந்ததும் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, கறை தெரியாமல் குறுக்கே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

3. ஈரக் காக்கி

பிறகு மழை வந்தது. ஊரைத் தாண்டும்போது தூறல். திறந்த ரோட்டுக்கு வந்ததும் கொட்ட ஆரம்பித்தது. மட்கார்ட் இல்லாத பின்சக்கரம் ரோட்டுச் சேற்றை அப்படியே அள்ளி முதுகில் அடித்தது. பைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருந்தேன். அது காற்றில் எங்கேயோ போய்விட்டது. நின்று ஒதுங்கினால் பஸ் நேரம் தவறும். மிதித்துக்கொண்டே போனேன்.

டிப்போவில் பையைக் கவிழ்த்தபோது தண்ணீர் கொட்டியது. சட்டை, பேன்ட் எல்லாம் பிழிகிற ஈரம். பனியனோடு மெஷின் வாங்கப் போய் நின்றேன். நாராயணசாமி சார் மெஷினைத் தரவில்லை. யூனிஃபார்ம் இல்லாமல் உன்னை வண்டியில் ஏற்றி, வழியில் செக்கிங் வந்தால் உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு, மாற்று ஆள் கிடைக்கிறதா பார்க்கிறேன், இல்லாவிட்டால் ட்ரிப்பை கேன்சல் செய்கிறேன் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரூல் அதுதான்.

பஸ் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் பெண்கள். கோலார் போய் அங்கிருந்து கம்பெனி பஸ் பிடித்து ஃபேக்டரிக்குப் போகிறவர்கள். எங்கள் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் அந்த பஸ் போய்விடும். அன்றைய சம்பளமும் போய்விடும். அவர்களில் சரோஜா என்ற பெண் இறங்கி, தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கன்ட்ரோலர் ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இந்த மாசம் எனக்கு ஏற்கெனவே ரெண்டு லேட். இன்னிக்கும் போனா வேலைய விட்டே நின்னுக்கச் சொல்லிடுவாங்க" என்றாள். மாற்று ஆள் வர அரை மணியாவது ஆகும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

நான் சாரிடம், மெஷினை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். காக்கியைப் பிழிந்தேன். அப்படியே போட்டுக்கொண்டேன். ஈரத் துணி உடம்பில் ஏறுவது இருக்கிறதே, ஒவ்வொரு கையையும் உள்ளே தள்ளுவதற்குள் பல் கிட்டிவிட்டது. பட்டன் போட விரல் வரவில்லை. ஈர ஷூவில் காலைத் திணித்துக்கொண்டு வந்து நின்றேன். சார் என்னைப் பார்த்தார். மெஷினை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

அன்று டிக்கெட் கொடுத்த ஒவ்வொரு கையிலும் என் சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீராவது விழுந்திருக்கும். டிக்கெட் எல்லாம் போட்டு முடித்து என் சீட்டில் உட்கார்ந்ததும் சரோஜா தன் சால்வையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். முனியப்பா முன்பக்க ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் மூடிவிட்டு, மழையிலும் எவ்வளவு வேகம் போகலாமோ அவ்வளவு போனார். அந்தப் பெண்களுக்குக் கம்பெனி பஸ் கிடைத்தது. அவர்கள் அதைப் பிடிக்க ஓடினதைப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். அன்றைக்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. யாழினியின் பயிற்சிக்கும் போக முடியவில்லை. சளி ஒட்டும் என்று டீச்சர் வர வேண்டாம் என்றுவிட்டார். என்னை உடைத்தது காய்ச்சலல்ல, அதுதான்.

காய்ச்சல் விட்டுத் திரும்பிப் போனதும் மேனேஜர் கூப்பிட்டார். வட கர்நாடகத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், பேச்சு கன்னடத்தில்தான். நின்றுகொண்டே பேசாதீர்கள், உட்காருங்கள் என்றார். நடந்தது எல்லாம் தெரியும் என்றார். நீங்கள் பஸ்ஸை எடுத்தது சரிதான், ஆனால் தினமும் இப்படி ஓட்ட முடியாது, ஆள் விழுந்தால் பொறுப்பு என்னுடையது, இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் யாழினியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். யோசித்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ் கிளம்பும் நேரத்துக்கு நானே வருகிறேன், நேரத்துக்கு, சுத்தமான உடுப்போடு நீங்கள் நின்றால் ஷெட்யூல் உங்களுடையது, இல்லாவிட்டால் மாற்றிவிடுவேன், அப்புறம் என்னிடம் கேட்கக் கூடாது என்றார்.

சரி சார் என்றேன். வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தேன். அதில் எங்கே எதை மாட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் இரண்டாவது ஷிஃப்ட் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

4. ஆட்டோ ஹூடு தைக்கிறவர்

அன்று சாயங்காலம் யாழினி பயிற்சியில் இருக்கும்போது நான் முதன்முறையாக உருப்படியாக யோசித்தேன். தினமும் என்னோடு வர வேண்டியது எது, வரத் தேவையே இல்லாதது எது?

ஷூ தினமும் வர வேண்டியதில்லை. பெல்ட், சீப்பு, பவுடர் டப்பா வர வேண்டியதில்லை. காக்கியே தினமும் வர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வார லீவு. அன்று கணவர் பாலைப் போட்டுவிட்டு வந்ததும் அவரோடு ஸ்கூட்டரில் போய், வாரத்துக்கு வேண்டிய தேய்த்த செட்டுகளை டிப்போவில் வைத்துவிட்டு, அழுக்கை எடுத்துக்கொண்டு வரலாம். தினமும் வர வேண்டியது சாப்பாடு, பேட்ஜ், லைசென்ஸ், ஒரு துண்டு, உள்ளாடை, பஞ்சர் சாமான். இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழையும் ஒரு காய்ச்சலும் தேவைப்பட்டன.

வைப்பதற்கு இடம் வேண்டுமே. நாராயணசாமி சாரிடம் கேட்டேன். டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்னால் கண்டக்டர்கள் டிக்கெட் கட்டுகளை வைத்திருந்த தகரப் பெட்டிகள் ஸ்டோரில் குப்பையாகக் கிடந்தன. நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்றார். துரு தேய்த்து, உள்ளே நியூஸ் பேப்பர் விரித்தேன். மடித்த சட்டைகள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன. பெட்டியை எங்கே வைப்பது? போர்டு மட்டும் லேடீஸ் ரெஸ்ட் ரூமாக இருந்த அந்த அறையில், பழைய சீட்டுகளுக்கு நடுவே. சாவி ஸ்டோர் கீப்பரிடம். அவர் இரவு டூட்டி பார்த்துவிட்டுக் காலையில் நான் வந்ததும் திறந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. கழிப்பறையில் ஒற்றைக் காலில் நிற்கிற வேலையும் ஒழிந்தது.

மீதிச் சாமானுக்குப் பை. முதுகுக்கு அல்ல, சைக்கிளுக்கு. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஆட்டோவுக்கு ஹூடும் சீட்டும் தைக்கிற சேகர் அண்ணன் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று தலைமுறையாக அந்தக் கடை அவர்களுடையது.

"ரேஸ் சைக்கிளுக்குப் பை தைக்கிறதா? இதுல எங்கம்மா தொங்கவுட்றது? சக்கரத்துலதான் போய் மாட்டும்" என்றார்.

"கீழ தொங்க வேணாண்ணா. இந்த முக்கோணத்துக்குள்ள ஒண்ணு, சீட்டுக்கு அடியில ஒண்ணு. கால்ல இடிக்கக் கூடாது. மழைத் தண்ணி உள்ள போகக் கூடாது."

அவர் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் தூக்க முடிந்ததும் அவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. என்னை ஏறி உட்காரச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றச் சொன்னார். பஜாரில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் சுற்றினேன். இரண்டு முழங்காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று சாக்பீஸால் ஃபிரேமில் குறித்துக்கொண்டார்.

முதலில் தைத்த முக்கோணப் பை வீங்கி, தொடையில் உரசி, தோலைத் தேய்த்தது. பிரித்து ஒல்லியாகத் தைத்தார். சீட்டுக்கு அடியில் மாட்டுகிற பை டயரைத் தொட்டது. அதையும் சின்னதாக்கி, அடியில் ரெக்ஸினை நீளமாக விட்டு, அதுவே பின்சக்கரச் சேற்றைத் தடுக்கும்படி மடித்துக் கொடுத்தார். மட்கார்ட் வேலையும் அதிலேயே முடிந்தது. ஆட்டோ ஹூடு ரெக்ஸின் என்பதால் குடம் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே ஈரமில்லை. கடை வாசலில் ஊற்றியே பார்த்தோம். டிபன் பாக்ஸுக்குத் திருகு மூடி வாங்கினேன். பேன்ட் காலில் கிரீஸ் படாமலிருக்க யாழினியின் தலைமுடி ரப்பர் பேண்டைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டேன்.

முந்தின நாளே ஒரு செட் காக்கியையும் ஷூவையும் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்ததால், சனிக்கிழமை காலை முதுகில் எதுவும் இல்லாமல் ஓட்டினேன். அந்தச் சைக்கிள் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வழியில் இருக்கும் ஊர்காம் இறக்கத்தில் காற்று காதில் சீறியது. நாற்பது வயது தாண்டியவள், தனியாக, அந்த நேரத்தில். எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

5. திங்கட்கிழமை

மேனேஜர் சொன்ன திங்கட்கிழமை வந்தது. மழை இல்லை. பஞ்சர் இல்லை. நேரத்துக்கு முன்பே டிப்போ சேர்ந்துவிட்டேன். பின்பக்கம் போனால் ரெஸ்ட் ரூம் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டோர் கீப்பரின் பையனுக்கு நடு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல்போய், அவர் அவசரமாக வீட்டுக்குப் போயிருந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவரைக் குறை சொல்ல முடியுமா? முந்தின நாள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வைத்த என் ஆறு செட் காக்கியும் உள்ளே. பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் ஒரு செட்டைக்கூட நான் கையோடு கொண்டுவரவில்லை.

பூட்டை உடைக்கலாம் என்றால் அது டிப்போ பூட்டு. மேனேஜரைக் கேட்காமல் தொடக் கூடாது என்றார் நாராயணசாமி சார். பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அறையைச் சுற்றி வந்தேன். பின்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு வெண்டிலேட்டர். கம்பி இல்லை. கண்ணாடி என்றைக்கோ உடைந்து, அட்டை சொருகியிருந்தார்கள். உள்ளே அந்தச் சுவரை ஒட்டித்தான் பழைய சீட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து ஏறிவிட்டால் உள்ளே இறங்குவது கஷ்டமில்லை.

முனியப்பாவைப் பார்த்தேன். எங்கள் வண்டி பழைய வண்டி. பின்பக்கம் இரும்பு ஏணி உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டில் ஏறிவிட்டார்.

"வண்டிய செவுத்துல ஒட்டிப் புடிக்கிறேன். நீங்க ஏறுங்கக்கா. மெதுவா" என்றார்.

பயணிகளோடு பஸ் ரிவர்ஸில் வந்து, ஏணியில் ஆள் ஏறும் இடைவெளி மட்டும் விட்டு, சுவரை ஒட்டி நின்றது. இன்ஜினை நிறுத்திவிட்டு முனியப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏணியில் ஏறி, அட்டையைப் பிடுங்கிவிட்டு, துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பேட்ஜையும் உள்ளே போட்டுவிட்டு, முதலில் காலை உள்ளே விட்டேன். இடுப்பு கொஞ்சம் மாட்டியது. மூச்சை வெளியே விட்டு நழுவினேன். கால் ஒரு சீட்டின் முதுகில் பட்டது. அடுக்கு ஆடியது. அதைப் பிடித்து, இதைப் பிடித்து, தரைக்கு வந்துவிட்டேன். உடம்பெல்லாம் ஒட்டடை. பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து முகம், கழுத்து, கை எல்லாம் அழுந்தத் துடைத்தேன். பெட்டியைத் திறந்து காக்கியை உடுத்தினேன். பெல்ட், பேட்ஜ், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தலையை வாரினேன். அந்த அவசரத்திலும் ஒரு பட்டனும் மாற்றிப் போடவில்லை.

வெளியே வரவும் அதே வழிதான். மடிப்புக் கலையாமல் வர வேண்டுமே என்று, பெட்டிக்குள் விரித்திருந்த நியூஸ் பேப்பரை எடுத்து வெண்டிலேட்டர் விளிம்பில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, ஷூ காலை வெளியே நீட்டி ஏணியில் வைத்தேன். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக இருக்கும்போது கீழே மேனேஜர் நின்றிருந்தார்.

பக்கத்தில் நாராயணசாமி சார் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

நான் இறங்கினேன். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். சாவி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, உடுப்பு உள்ளே இருந்தது, பூட்டை உடைக்க அனுமதி இல்லை, அதனால் இப்படி என்றேன். அவர் என் காலரைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மேலே வெண்டிலேட்டரைப் பார்த்தார், மூலைவரை நடந்து கதவுப் பக்கம் இருந்த போர்டையும் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டைம் ஆயித்து. ஹோகி" என்றார். நேரமாகிவிட்டது, போங்கள்.

பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. கேட்டைத் தாண்டியதும் சரோஜாவும் கூட இருந்த பெண்களும் கை தட்டினார்கள். டிக்கெட் எடுங்கம்மா முதலில் என்றேன்.

6. கேட்டது

மறுநாள் அந்த அறையில் பாதி காலி. சீட்டுகள் ஷெட்டுக்குப் போயிருந்தன. சாவி கன்ட்ரோலர் ரூம் ஆணியில் தொங்கியது. இன்னொரு சாவியை மேனேஜர் என் கையிலேயே கொடுத்தார். முதல் ஷெட்யூல் என்னுடையதாகவே இருந்தது. யாழினி பயிற்சியை முடித்து, மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் படிக்கும்வரை நான் முதல் பஸ்ஸை விடவில்லை. அதற்குப் பிறகும் விடவில்லை. பழகிவிட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு செட் காக்கி எப்போதும் என் சைக்கிளிலேயே வருகிறது. சட்டையையும் பேன்ட்டையும் ஒரு பழைய காலண்டர் அட்டையில் சுற்றி, பேப்பரில் பொதிந்து, முக்கோணப் பையில் வைத்தால் மடிப்பு விழாது. பெட்டியில் எத்தனை செட் இருந்தாலும் சரி, ஒன்று கையில் இருக்க வேண்டும். சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இது. முதுகில் எதையும் போடாதீர்கள் என்பது இரண்டாவது.

மூன்றாவதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பை சரியில்லை, மூடி சரியில்லை, நான் சரியில்லை என்று அத்தனை நாள் எனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். போர்டு மாட்டிய ஒரு அறை பத்தடி தூரத்தில் பூட்டிக் கிடந்தது. அது எனக்கான அறை. திறந்து கொடுங்கள் என்று நான் வாய்விட்டு ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு பெட்டி வைக்க இடம் கேட்டதே பெரிது என்று நினைத்தேன். வேலைக்கு வேண்டியதை வைக்கவும், உடை மாற்றவும் இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. வாயைத் திறந்து கேளுங்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

நான் கேட்க ஆரம்பித்தேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கேட்டேன், வந்தது. துணி மாட்ட ஆணி கேட்டேன், வந்தது. சைக்கிளுக்கு மேலே ஒரு தகரம் கேட்டேன், அதற்கு ஒரு வருடம் பிடித்தது, ஆனாலும் வந்தது. இரண்டு பெண்கள் புதிதாக அந்த டிப்போவுக்கு வந்தார்கள். ஒருத்தி இப்போது மாலூர் பக்கத்திலிருந்து சைக்கிளில்தான் வருகிறாள். அவளுக்கும் பெட்டி இருக்கிறது.

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும் நாளில் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்று, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

"இருக்குது சார். மார்கழி மாசம் சைக்கிள்ல வந்து பச்சைத் தண்ணியில உடம்பு துடைக்க முடியல. ஒரு கீசர் வேணும்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். புது மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். சொன்னாரா இல்லையா என்று தெரியாது. கீசர் இன்னும் வரவில்லை. மாதத்தில் ஒரு நாள், ட்ரிப் முடித்து மெஷினை ஒப்படைத்ததும், நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறேன்.